வெளிநாட்டில் இந்திய அணியின் ஆட்டம்: சேலத்திலிருந்து புறப்படும் ரசிகர்களுக்கு

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து நான்கு பேரும் ஏற்காட்டில் இருந்து ஒருவருமாக ஐந்து நண்பர்கள், இந்திய கால்பந்து அணி தென்கிழக்கு ஆசியாவிலோ வளைகுடாவிலோ ஆடும் அடுத்த அவே மேட்சை நேரில் பார்க்க விரும்புவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஐவரில் இருவரிடம் பாஸ்போர்ட்டே இல்லை, யாரும் இதற்கு முன் வெளிநாடு சென்றதில்லை, எதை முதலில் செய்வது, எதில் ஏமாறக்கூடும், பிற்பாடு ஐரோப்பாவில் ஒரு கிளப் ஆட்டத்துக்கும் இதே வழியில் போய்வர முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். சேலத்தில் பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருப்பவன், இந்திய அணியைத் தொடர்ந்து பார்த்து வருபவன் என்ற இரு நிலையிலும் நின்று பதில் சொல்கிறேன்.

சுற்றுலா போகிறவருக்குப் பயணம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் பார்க்க வேண்டிய ஊர் அங்கேயே இருக்கும். ஆட்டம் பார்க்கப் போகிறவருக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம் தவறிவிட்டால் செலவழித்த பணம் முழுவதும் வீண். ஆகவே சுற்றுலா ஏற்பாடு செய்கிற வழக்கப்படி மலிவான விமானச் சீட்டில் தொடங்காமல், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் இருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். அப்படி எண்ணினால் வரிசை தானாகவே அமைந்துவிடும். பாஸ்போர்ட் இன்றே; ஆட்டத்தின் நாளும் மைதானமும் உறுதியான பிறகு மேட்ச் டிக்கெட்; அதன் பிறகு விமானமும் விசாவும்; தங்குமிடம் கடைசியில்.

தேசிய அணிகளின் ஆட்டங்கள் ஃபிஃபா அறிவிக்கும் குறிப்பிட்ட இடைவெளிகளில்தான் நடக்கும். மார்ச், ஜூன், நவம்பர் மாதங்களில் ஒவ்வோர் இடைவெளி உண்டு. முன்பு செப்டம்பரிலும் அக்டோபரிலும் தனித்தனியாக இருந்தவை 2026 முதல் ஒரே நீண்ட இடைவெளியாக இணைக்கப்பட்டுள்ளன. எந்த வாரத்தில் ஆட்டம் வரும் என்பதைப் பல மாதம் முன்பே ஊகிக்கலாம் என்பதால், அலுவலகத்திலோ கல்லூரியிலோ விடுப்புக்குச் சொல்லிவைக்க இது உதவும். ஆனால் எந்த நாள், எந்த மைதானம், எத்தனை மணி என்பவை ஒவ்வொன்றாகத்தான் வெளிவரும், சில நேரம் வெளிவந்த பின்னும் மாறும். ஆட்டத்தை நடத்தும் நாட்டின் கால்பந்துச் சங்கம் மைதானத்தை அறிவித்து டிக்கெட் விற்பனையைத் தொடங்கும் வரை, நாள் மாற்ற முடியாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். ஆயுத பூஜை, தீபாவளி ஒட்டிய வாரங்களில் விமானக் கட்டணம் ஏறும் என்று பயந்து முன்கூட்டியே வாங்கத் தோன்றும். அப்படி வாங்குவதானால், சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது நாள் மாற்றும் வசதியுள்ள சீட்டாக வாங்குங்கள்.

பாஸ்போர்ட் இல்லாத இருவரும் ஆட்டம் அறிவிக்கப்படும் வரை காத்திருக்கக் கூடாது. சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இயங்குகிறது. இணையத்தில் விண்ணப்பித்து முன்பதிவு செய்த நாளில் அசல் ஆவணங்களோடு செல்ல வேண்டும். 36 பக்கங்கள் கொண்ட சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் முறையில் அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டணம். தாமதம் ஏற்படுவது பெரும்பாலும் காவல்துறை விசாரணையில்தான். விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில் ஆள் இல்லாமல் பெங்களூருவிலோ சென்னையிலோ வேலையில் இருந்தால் கோப்பு அப்படியே நின்றுவிடும். மற்ற மூவரும் தங்கள் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். போய் இறங்கும் நாளில் இருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் நிலையில் அது இருக்க வேண்டும், முத்திரை குத்த இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று காட்டாமல் எடுத்த பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ‘ஈ.சி.ஆர்.’ (குடியேற்றச் சரிபார்ப்பு தேவை) என்ற குறிப்பு இருக்கும். இது வேலைக்காகச் செல்பவர்களைப் பாதுகாக்க ஏற்பட்ட முறை. மலேசியா, கத்தார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் பொருந்தும். ஆட்டம் பார்க்கப் போவதற்கு இது தடை இல்லை. ஆயினும் குடியேற்றப் பிரிவில் உங்களைக் கூடுதலாகக் கேள்வி கேட்பார்கள் என்பதால், திரும்பிவரும் சீட்டு, தங்குமிட முன்பதிவு, மேட்ச் டிக்கெட் ஆகியவற்றைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று வரிசையில் நின்றபடி தேடிக்கொண்டிருப்பது சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

அடுத்தது பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால், தமிழ்நாட்டில் இருந்து செல்பவர்களுக்கு அதிகம் வருகிற தொல்லை இது. பள்ளிச் சான்றிதழில் ‘செ. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் செல்வராஜ்’, ஆதாரில் வெறும் ‘முருகன்’ என்று ஒரே ஆள் மூன்று விதமாக இருப்பார். டிக்கெட் விற்கும் வெளிநாட்டுத் தளமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே வரிசையில், அதே எழுத்துகளில், விமானச் சீட்டு, விசா விண்ணப்பம், மேட்ச் டிக்கெட் ஆகிய மூன்றிலும் எழுதுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படி எழுதச் சொல்கிறது என்று கேட்டு அதன்படி செய்யுங்கள்; ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை உண்டு. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் இருந்து ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு பயண விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கமும் தந்தது. புதிதாக விண்ணப்பிக்கும் உங்கள் நண்பர்கள் இருவரும் இந்தச் சிக்கலுக்கு இப்போதே முடிவு கட்டலாம். தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டால், பின்னாளில் எந்த நாட்டுக் கவுண்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மேட்ச் டிக்கெட் வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் எந்தப் பகுதி என்று பாருங்கள். மைதானங்களில் விருந்தினர் அணி ரசிகர்களுக்கென்று ஒரு பகுதியைப் பிரித்து ஒதுக்குவார்கள். அதற்குத் தனி நுழைவாயில், தனிக் கழிப்பறை, தனிப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. மலிவாகக் கிடைத்தது என்று உள்ளூர் ரசிகர்களின் தீவிரப் பகுதியில், பொதுவாகக் கோல் கம்பத்துக்குப் பின்னால், டிக்கெட் எடுத்துவிட்டு நீல ஜெர்சியில் போய் நின்றால், சில நாடுகளில் காவலர்களே உங்களை உள்ளே விடமாட்டார்கள். விருந்தினர் பகுதி டிக்கெட் எங்கே, எப்போது விற்பனைக்கு வரும் என்பதை அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் அறிவிப்பிலும், நடத்தும் நாட்டுச் சங்கத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலும் பாருங்கள். 2017ஆம் ஆண்டு 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஒட்டி உருவான ‘ப்ளூ பில்கிரிம்ஸ்’ என்ற ரசிகர் அமைப்பு, இந்திய அணி எங்கு ஆடினாலும் அங்குள்ள இந்தியர்களோடு சேர்ந்து ஒரே இடத்தில் அமர ஏற்பாடு செய்ய முயலும். முதல்முறை செல்லும் ஐந்து பேர் அவர்களோடு தொடர்பில் இருப்பது, எந்தப் பயண முகவரிடம் கேட்பதையும்விட, என்னைப் போன்றவர்களிடம் கேட்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பயனுள்ளது. 2023 நவம்பர் 16 அன்று குவைத் நகரில் மன்வீர் சிங் அடித்த ஒரே கோலில் இந்தியா வென்றபோது அரங்கில் எழுந்த சத்தத்தைத் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கு, வளைகுடாவில் நம் ரசிகர்கள் எவ்வளவு திரண்டு வருவார்கள் என்பது தெரிந்திருக்கும்.

மறுவிற்பனை டிக்கெட்டை நம்பாதீர்கள். இப்போதெல்லாம் பெரும்பாலான டிக்கெட்டுகள் செயலியில் மட்டுமே வருகின்றன, க்யூ.ஆர். குறியீடு ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் தோன்றும், சில நேரம் வாங்கியவரின் கைப்பேசியைத் தவிர வேறெதிலும் திறக்காது. முகநூல் குழுவில் யாரோ அனுப்பும் திரைப்பிடிப்புப் படத்தை வைத்துக்கொண்டு நுழைவாயிலைத் தாண்ட முடியாது. இன்னொரு நடைமுறைத் தடை ஓ.டி.பி. உங்கள் வங்கி அட்டை புதிதாக வாங்கியபோதே வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்ட நிலையில்தான் வந்திருக்கும்; ரிசர்வ் வங்கியின் விதி அது. வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டு, விற்பனை தொடங்குவதற்கு முதல் நாளே சிறு தொகைக்கு ஒன்றை வாங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும்போதும் இந்திய எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்து சேரும்படி ரோமிங் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் இருந்தும் செலுத்த முடியாது.

விசா நாட்டுக்கு நாடு மாறும். விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் முன் அந்தந்த நாட்டின் குடியேற்றத் துறைத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது, அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை மட்டும் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். தூதரகம் அங்கீகரித்த முகவர் வழியாகவோ சிங்கப்பூரில் உள்ள உறவினர் வழியாகவோ விண்ணப்பிக்கலாம், கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், அதோடு முகவரின் கூலி. சிங்கப்பூருக்கும் வருகை அட்டை உண்டு, அது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் அதற்கே பணம் பிடுங்குகின்றன. ஹாங்காங் இந்தியர்களுக்கு இலவச முன்பதிவு முறையில் 14 நாள் அனுமதி தருகிறது. முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது மலேசியா. விசாச் செலவு இல்லை, தமிழ் பேசினால் புரிந்துகொள்பவர்கள் எங்கும் உண்டு, புக்கிட் ஜாலில் தேசிய அரங்குக்கு அதே பெயரில் எல்.ஆர்.டி. ரயில் நிலையமே இருக்கிறது. 2023 அக்டோபரில் மெர்டேகா கோப்பையில் இந்தியா 4-2 என்று தோற்றது அந்த அரங்கில்தான். நம் வீரர் சாங்டே அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டியும் கோல் தரப்படவில்லை என்ற ஆதங்கம் நம் ரசிகர்களுக்கு இன்னும் தீரவில்லை. கணக்குத் தீர்க்கவாவது ஒருமுறை அங்கே போக வேண்டும்.

எந்த விமான நிலையம் என்பதைச் சேலத்துக்காரர்கள் அவசரப்பட்டு முடிவுசெய்துவிடுகிறார்கள். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் இருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. அங்கிருந்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ பறந்து வேறு விமானம் மாறலாம் என்றாலும், இரண்டையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஆட்டத்துக்குப் போகிறவர் எடுக்கக்கூடாத துணிவு அது. பெங்களூருவில் விமானங்கள் அதிகம், கட்டணமும் பெரும்பாலும் குறைவு. ஆனால் தேவனஹள்ளி நிலையம் ஊரின் மறுமுனையில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் நெடுஞ்சாலை மணிக்கணக்கில் நின்றுபோகும், ஓசூரைத் தாண்டியதும் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று வரிசையாக நெரிசல். பகலில் வரும் விமானத்துக்குக் காலையில் சேலத்தில் இருந்து கிளம்பலாம் என்று எண்ணாதீர்கள். முந்தைய இரவே போய்விடுவது நல்லது.

சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் திருச்சிதான் நமக்கு இயல்பான வாசல். நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர். பேருந்து எந்நேரமும் உண்டு, நேரடி விமானங்களும் உண்டு, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையத்தில் வரிசைகளும் முன்பு போல நெருக்குவதில்லை. கோயம்புத்தூர் சற்றுக் கூடுதல் தூரம். ஆனால் அதன் விமான நிலையம் அவிநாசி சாலையில் நம் பக்கமாகவே இருப்பதால் ஊருக்குள் நுழையாமலே சேர்ந்துவிடலாம், சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் அங்கிருந்து நேரடியாகப் போகலாம். ஐந்து பேருக்கும் சேர்த்துக் கணக்கிடும்போது, பெங்களூரு சீட்டில் மிச்சமாகும் தொகையையும் அங்கு போகும் வாடகை வண்டி, ஓர் இரவு அறை ஆகியவற்றின் செலவையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பல நேரம் திருச்சியே மலிவாகத் தெரியும்.

ஏற்காட்டு நண்பர் புறப்படும் நாளன்று மலையிறங்க வேண்டாம். அக்டோபர், நவம்பர் மழையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது மண் சரிந்தால் பாதையை மூடிவிடுவார்கள், குப்பனூர் வழியாகச் சுற்றிவர நேரம் போதாது. முதல் நாள் மாலையே அஸ்தம்பட்டிக்கு வந்து உங்களோடு தங்கட்டும்.

ஆட்டத்துக்கு முந்தைய நாளாவது அந்த ஊரில் இறங்கியிருங்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பவை; அங்கே இரவு 8 மணி ஆட்டம் என்றால் இங்கே மாலை ஐந்தரைதான். குவைத்தும் கத்தாரும் அதே அளவு பின்னால். தங்குமிடத்தை மைதானத்துக்கு அருகில் தேடாமல், மைதானத்துக்குப் போகும் ரயில் பாதையில் தேடுங்கள். சிங்கப்பூரில் காலாங் தேசிய அரங்குக்கு ‘ஸ்டேடியம்’ நிலையம் ‘சர்க்கிள் லைன்’ என்ற ரயில் பாதையில் இருக்கிறது, கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை, விமான நிலைய ரயிலும் அங்கேயே வருகிறது. உறவினர் வீட்டில் தங்குவதானால் அவருடைய முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஐந்து பேரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். வருகை அட்டையில் ‘சித்தப்பா வீடு’ என்று எழுத முடியாது.

மூட்டை கட்டும்போது வீட்டுப் பெரியவர்களோடு சிறு சண்டை வரும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியைச் சிங்கப்பூருக்கோ ஐக்கிய அரபு அமீரகத்துக்கோ கொண்டுபோகக் கூடாது. அங்கே கசகசா போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது. வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்களும் சூயிங்கமும் சிங்கப்பூருக்கு ஆகாது, மின்சிகரெட் அங்கே கடுமையான குற்றம். கோடீன், டிரமடால் கலந்த இருமல் மருந்தோ வலி மாத்திரையோ வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவர் சீட்டு இருந்தால்கூட முன்னனுமதி தேவைப்படலாம். ஜூன் மாத ஆட்டம் என்றால் உறவினருக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுபோகச் சொல்வார்கள். தாவரத் தடுப்பு விதிகளில் சிக்கிப் பெட்டியோடு இழப்பதைவிட, தட்டுவடையும் ஏற்காட்டுக் காப்பித்தூளும் மிளகும் கொண்டுபோவது பாதுகாப்பானது. தேசியக் கொடி கொண்டுபோகலாம், ஆனால் கொடிக்கம்பம் மைதானத்துக்குள் போகாது. கொடியில் எந்த எழுத்தும் கட்சி அடையாளமும் வேண்டாம். பறையோ மேளமோ வேண்டும் என்றால், ரசிகர் அமைப்பின் வழியாக நடத்தும் சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே இருக்கலாம். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் 2025 ஏப்ரலில் இருந்து அதைப் பயன்படுத்தவும் தடை. மைதானத்துக்குள் பெரிய பை அனுமதிக்கமாட்டார்கள், அங்கே பை வைக்கும் வசதி இருக்கும் என்று நம்பியும் போகாதீர்கள்.

ஆட்டத்தன்று இரண்டு மணி நேரம் முன்பே நுழைவாயிலில் இருக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2022 மே 28 அன்று பாரிசில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு முன், லிவர்பூல் ரசிகர்கள் குறுகலான பாதையில் நெருக்கப்பட்டு, அவர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டு, ஆட்டமே அரைமணி நேரத்துக்கு மேல் தாமதமானது. முதலில் ரசிகர்கள் மீது பழி போட்டார்கள், பிறகு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏயினுடையது என்றது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் மாவட்டத்தில், கஞ்சுருஹான் அரங்கில் ஆட்டம் முடிந்ததும் வீசப்பட்ட கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி வாயில்களை நோக்கி ஓடிய கூட்டத்தில் 135 பேர் இறந்தார்கள். ரசிகர் தவறே செய்யாவிட்டாலும் ஆபத்து வரலாம் என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன். உள்ளே போனதும் உங்கள் இருக்கைக்கு அருகில் உள்ள வெளியேறும் வழிகள் இரண்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வெளியே ஓர் இடத்தை முடிவு செய்யுங்கள், கூட்டம் நெருக்கத் தொடங்கினால் முன்னே போக முயலாமல் பக்கவாட்டில் விலகுங்கள். கூட்டத்தில் இணையம் வேலைசெய்யாது என்பதால் டிக்கெட்டை முன்பே திறந்து வைத்திருப்பது நல்லது.

நடத்தையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வளைகுடாவில் கெட்ட வார்த்தையும் கைச்சைகையும் வழக்கில் போய் முடியும், குவைத்தில் மது முழுவதுமாகத் தடை. காவலர்களையும் குடும்பத்தோடு வந்திருக்கும் பெண்களையும் படம் எடுக்காதீர்கள். அனைவரின் பாஸ்போர்ட்டும் அறையின் பெட்டகத்தில், அதன் நகல் ஒவ்வொருவர் சட்டைப்பையில், நகலின் படம் வீட்டில் ஒருவரின் கைப்பேசியில் என்று இருக்கட்டும். டிக்கெட்டோடு அசல் அடையாளம் கேட்கும் அரங்கு என்றால் மட்டும் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தொலைந்தால் முதலில் உள்ளூர்க் காவல் நிலையப் புகார், பிறகு இந்தியத் தூதரகம் அல்லது ஹை கமிஷன். ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள்.

ஐரோப்பா பற்றிய கேள்விக்கு என் பதில் சற்று ஏமாற்றமாக இருக்கும். யூஈஎஃப்ஏ போட்டிகளில் அரங்கின் கொள்ளளவில் குறைந்தது 5 விழுக்காடு இருக்கைகள் விருந்தினர் ரசிகர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன, இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் விருந்தினர் டிக்கெட்டின் விலை 2016-17 பருவத்தில் இருந்து 30 பவுண்டுக்கு மேல் போவதில்லை. கேட்க ஆசையாக இருந்தாலும், பெரிய கிளப்புகளில் அந்த இருக்கைகள் ஆண்டுக்கணக்கில் எல்லா ஊருக்கும் அணியோடு பயணம் செய்து புள்ளி சேர்த்த உறுப்பினர்களுக்கே போய்ச் சேரும். சேலத்தில் இருந்து முதல்முறை போகிறவருக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விரும்பும் கிளப்பின் சொந்த மைதானத்துக்கு, அதன் உறுப்பினராகியோ அதிகாரப்பூர்வ விருந்தோம்பல் திட்டத்திலோ டிக்கெட் வாங்கிப் போவதே சரியான வழி. எதிரணியின் சொந்த ரசிகர் பகுதியில் உட்கார்ந்து உங்கள் கிளப்பின் சட்டையை அணிந்தால் வெளியேற்றிவிடுவார்கள். இங்கிலாந்தில் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இத்தாலியில் டிக்கெட்டில் உள்ள பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அங்கே முன்பு சொன்ன தலைப்பெழுத்துத் தொல்லை மறுபடியும் வரும்.

இங்கிலாந்து நீங்கலாக ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, கைரேகை கொடுக்கச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ நேரில் செல்லுதல் ஆகியவை தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பில் இருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக விட்டுவிட்டு விண்ணப்பிக்க முடியாது, கோடையில் கைரேகைக்கு நாள் கிடைப்பதே கடினம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவுசெய்யும் புதிய முறையும் தொடங்கியிருப்பதால் இறங்கியதும் வரிசையில் கூடுதல் நேரம் ஆகும். சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட் சுற்றில் எதிரணி யார் என்பதே சில வாரம் முன்புதான் தெரியும், அதற்குள் விசா கையில் வராது. அதற்குப் பதில் அந்த நாட்டின் உள்நாட்டு லீக் ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காகச் சனியில் இருந்து ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறக்கூடும் என்பதால் அந்த வார இறுதி முழுவதும் அந்த ஊரில் இருக்கும்படி திட்டமிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு நாணயம் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையில் பெரும்பகுதி, சிறிது நோட்டு, தனியாக ஒரு வங்கி அட்டை என்று பிரித்து வைத்திருங்கள். இந்திய ரூபாயாக ஒருவர் 25,000 வரைதான் எடுத்துச் செல்லலாம். முகவரிடம் முழுத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்று, விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரியாக ஒரு தொகையைச் சேர்த்துப் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்பதால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மொத்தச் செலவில் விமானமும் தங்குமிடமும்தான் பெரிய பங்கு. மேட்ச் டிக்கெட் ஆசிய ஆட்டங்களில் மிகச் சிறிய பங்கு. அதில் மிச்சம் பிடிக்கப் பார்த்துத் தவறான பகுதியில் உட்காராதீர்கள்.

திரும்பும் விமானத்தை ஆட்டம் முடியும் இரவிலேயே போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது, ஒரு நாள் விடுப்பும் ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம் என்று. தகுதிச் சுற்றின் குழு ஆட்டத்தில் கூடுதல் நேரம் கிடையாது. கோப்பைப் போட்டியின் நாக்-அவுட் என்றால் முப்பது நிமிடமும் பெனால்டியும் சேரும். அதன்மேல், விருந்தினர் ரசிகர்களை உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை அரைமணி, ஒருமணி நேரம் உள்ளேயே நிறுத்திவைப்பதும் உண்டு, கோலாலம்பூர் விமான நிலையமோ நகரில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் பகல் விமானமாகப் போடுங்கள். ஏற்காட்டு நண்பருக்கு மட்டும் சேலத்தில் இன்னோர் இரவு தங்க இடம் சொல்லிவையுங்கள், ஏனென்றால் திருச்சியில் இருந்து நீங்கள் வந்து சேரும் நேரத்துக்கு மலைக்குக் கடைசிப் பேருந்து போயிருக்கும்.